நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதுதான் நற்குணமா? பதின்வயது வகுப்புக்கு யோசனை தேவை

திராட்சைக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். ஆவியின் கனிகளைச் சொல்கிற கலாத்தியர் 5:22-ஐ வைத்து வாரம் ஒரு கனி என்று போய்க்கொண்டிருக்கிறோம். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு வரைக்கும் எப்படியோ ஓடிவிட்டது. நற்குணத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

பாடப்புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான்: பொய் சொல்லாதே, எதிர்த்துப் பேசாதே, கெட்ட சகவாசம் வைக்காதே, பிறர் பொருளை எடுக்காதே. கீழே கோடிட்ட இடங்களை நிரப்ப ஒரு பயிற்சி. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் கை தூக்கினாள். "அக்கா, எல்லாமே 'செய்யாதே'ன்னுதான் இருக்கு. அப்படின்னா தூங்கும்போது நாங்க எல்லாருமே நற்குணசாலிங்கதானே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறும் இதே பாடம்தான் என்று அறிவித்திருக்கிறேன்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் நற்குணத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? பொதுவான அறிவுரை வேண்டாம், அது அவர்களுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள்.

---

பழைய_ஆசிரியர்

அந்தப் பெண்ணை முதலில் பாராட்டுங்கள். பாடப்புத்தகம் எழுதியவருக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

என் யோசனை: பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு ஆளைக் காட்டுங்கள். புதிய ஏற்பாட்டில் "அவன் நல்லவன்" என்று நேராகச் சொல்லப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருவர் பர்னபா. "அவன் நல்லவனும், பரிசுத்த ஆவியினாலும் விசுவாசத்தினாலும் நிறைந்தவனுமாயிருந்தான்" (அப்போஸ்தலர் 11:24). சரி, இந்த நல்லவர் என்னதான் செய்தார் என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.

4-ஆம் அதிகாரத்தில் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலர் பாதத்தில் வைக்கிறார். இது எல்லாருக்கும் தெரிந்தது. 9:26-27-க்குப் போங்கள், அங்கேதான் விஷயம் சூடாகிறது. சவுல் (பின்னாளில் பவுல் என்று நாம் சொல்கிறவர்) எருசலேமுக்கு வருகிறான். நேற்றுவரை வீடுவீடாக நுழைந்து ஆட்களைப் பிடித்துச் சிறையில் போட்டவன். சீஷர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்குகிறார்கள். அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. அந்த நேரத்தில் பர்னபா ஒருவர்தான் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலர்கள் முன்னால் நிறுத்தி, "இவனுக்கு நடந்தது இது" என்று பேசுகிறார். சவுல் நடிக்கிறவனாக இருந்திருந்தால் பர்னபா கதி என்ன? பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள். பதில் தானாக வரும்.

அப்புறம் 15:36-39. பவுலுக்கும் பர்னபாவுக்கும் மாற்கு விஷயத்தில் சண்டை. முதல் பயணத்தில் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவன் மாற்கு (13:13). அவனை மறுபடி கூட்டிப்போகலாம் என்கிறார் பர்னபா, கூடவே கூடாது என்கிறார் பவுல். கடுங்கோபம் மூண்டு ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து யார் பக்கம் நியாயம் என்று வாதாட விடுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வேதமும் அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை.

---

கேள்விக்குறி

பர்னபா நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. "நல்லவனாக இரு" என்று சொல்வதற்கு சபை எதற்கு? எந்தப் பள்ளிச் சுவரிலும் அது எழுதியிருக்கும்.

2005-ல் கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா டென்டன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 13 முதல் 17 வயதுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் உண்மையில் எதை நம்புகிறார்கள் என்று அவர்கள் தொகுத்ததைப் பார்த்தால் இப்படி இருக்கிறது: கடவுள் ஒருவர் இருக்கிறார், நாம் நல்லவர்களாக, ஒருவருக்கொருவர் இனிமையாக நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறார், சந்தோஷமாக இருப்பதே வாழ்க்கையின் குறிக்கோள், பிரச்சினை வரும்போது மட்டும் அவரைக் கூப்பிட்டால் போதும், நல்லவர்கள் செத்தால் பரலோகம் போவார்கள். அவர்களில் பெரும்பாலோர் சபைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். இந்த நம்பிக்கையில் சிலுவைக்கு இடமே இல்லை பாருங்கள்.

இந்த நாடு அந்த நாடு என்றில்லை, நம் வகுப்புகளும் இதைத்தான் உற்பத்தி செய்கின்றன என்பது என் சந்தேகம். பணக்கார வாலிபன் இயேசுவை "நல்ல போதகரே" என்று கூப்பிட்டதும் அவர் என்ன சொன்னார்? "நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே" (மாற்கு 10:18). அந்த வாலிபன் உங்கள் பாடப்புத்தகத்துப் பட்டியலை முழுசாக நிறைவேற்றியவன். சிறு வயதுமுதல் கைக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறான். கடைசியில் துக்கத்தோடு போய்விட்டான்.

---

திராட்சைக்கொடி

@கேள்விக்குறி பிரதர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதை அப்படியே வகுப்பில் சொன்னால் பின்வரிசைப் பையன்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "எல்லாம் கிருபைதானே அக்கா, அப்ப நாங்க ஒண்ணும் பண்ண வேணாம்ல?"

கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிற எபேசியர் 2:8-9 வரைக்கும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 10-ஆம் வசனம் வரும்போது மூச்சு நின்றுவிடும். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கேதானே இருக்கிறது!

---

கேள்விக்குறி

அதுவும் நியாயம்தான். பிலிப்பியர் 2:12-13-ஐச் சேர்த்து வையுங்கள். உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று ஒரு வசனம், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனம். பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். எது முதலில் என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

---

புதுவெளிச்சம்

ஒன்பது கனிகளையும் ஒரே நாளில் முடிக்க என்னிடம் அருமையான பவர்பாயின்ட் உள்ளது. 94 ஸ்லைடுகள். வேண்டுவோர் தனிமடலில் கேட்கவும்.

---

மறைக்கல்வி_அக்கா

நான் கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி நடத்துகிறவள். எங்கள் மறைக்கல்வி ஏட்டில் தூய ஆவியின் கனிகள் பன்னிரண்டு என்று வரும், ஆகவே எனக்கு உங்களைவிட மூன்று வாரம் கூடுதல் வேலை!

நற்பண்பு என்பது பழக்கத்தால் உறுதிப்படுவது என்று எங்கள் மரபில் அழுத்திச் சொல்வோம். அருள் இறைவனுடையது, அதற்கு உடன்படுவது நம்முடையது. ஆனால் இந்தப் பழக்கத்தை உண்டாக்குகிறேன் பேர்வழி என்று பலர் செய்கிற ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்: நட்சத்திர அட்டை. எங்கள் பங்கில் எனக்கு முன்பு இருந்தவர்கள் வைத்திருந்தார்கள். ஒரு நற்செயலுக்கு ஒரு நட்சத்திரம், ஆண்டு இறுதியில் பரிசு. அந்தப் பழைய அட்டைகளை அலமாரியில் பார்த்தேன். "பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தேன்" என்று ஒரே பிள்ளை ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறது. பாட்டிக்கு அவ்வளவு தாகம் எடுத்திருக்காது.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பிள்ளைகள். ஒரு பகுதியினரிடம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். சிறு பிள்ளைகளுக்கே இப்படியென்றால், பரிசுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நன்றாகப் புரிந்த பதினைந்து வயதுக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று சொன்னவருடைய வகுப்பில் சுவரில் அட்டை தொங்குவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது.

அதற்குப் பதிலாக நாங்கள் செய்வது ஆன்ம சோதனை. இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் வகுத்துக்கொடுத்த முறையைப் பதின்வயதினருக்கு ஏற்றபடி சுருக்கியிருக்கிறோம். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம், விளக்கை அணைப்பதோ பாட்டுப் போடுவதோ இல்லை, சும்மா உட்கார்ந்தபடி. இந்த வாரம் எனக்கு யார் நன்மை செய்தார்கள்? நான் செய்திருக்கக்கூடிய ஒரு நன்மையை எந்த இடத்தில் விட்டுவிட்டேன்? இரண்டு கேள்விதான். எழுத வேண்டாம், சொல்ல வேண்டாம். முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நன்மையைப் பெற்றுக்கொண்டதைக் கவனிக்காத பிள்ளைக்கு, அதைக் கொடுப்பது சுமையாகத்தான் தெரியும்.

---

பதினேழு

இங்கே எழுதுகிறவர்களில் அநேகமாக நான் ஒருவன்தான் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற அந்த வயது. அதனால் கொஞ்சம் நேராகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

பெரியவர்கள் நற்குணம் என்று சொல்லும்போது பெரும்பாலும் அர்த்தம் என்னவென்றால் எங்களுக்குத் தொல்லை தராதே என்பதுதான். சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறவன், ஜெபத்தில் கண் மூடுகிறவன், கேள்வி கேட்காதவன், இவன்தான் நல்ல பையன். எங்கள் குழுவில் அப்படி நல்ல பெயர் வாங்கின ஒருவன் பெரியவர்கள் இல்லாத இடத்தில் எப்படி இருப்பான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பெரியவர்களுக்கு மட்டும் தெரியாது.

நல்லவனாக இருப்பது எங்கே கஷ்டம் தெரியுமா? ஒரு உதாரணம் சொல்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பையன் சாப்பிடும்போது வாய் திறந்திருக்கிற மாதிரி யாரோ எடுத்த போட்டோ வந்தது. உடனே ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் அந்த ஸ்டிக்கர்தான். அவனும் அதே குரூப்பில் இருக்கிறான், அவனே சிரிக்கிற ஸ்மைலி போடுகிறான். அவன் உண்மையில் சிரிக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவன் மட்டும் "போதும்டா, எடுத்துருங்க" என்று போட்டான். அடுத்த நிமிடம் "ஐயோ, பாஸ்டர் வந்துட்டாரு" என்று அவனை ஓட்ட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அவனையே குரூப்பை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

பொய் சொல்லாதே என்று எனக்குச் சொல்லித் தரவேண்டிய அவசியம் இல்லை. அந்த ஒருவன் மாதிரி இருப்பது எப்படி, இருந்தால் அப்புறம் என்ன செய்வது, இதை எந்த வகுப்பிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

---

திராட்சைக்கொடி

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பெயர் எதுவும் சொல்லாமல் இந்த ஸ்டிக்கர் சம்பவத்தை வகுப்பில் சொல்லலாமா?

---

பதினேழு

சொல்லுங்க அக்கா. ஆனா கடைசியில "ஆகவே பிள்ளைகளே"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க.

---

ஒலிவமரம்

தம்பி சொன்னதைப் படித்ததும் அகஸ்டின் நினைவுதான் வந்தது. நான்காம் நூற்றாண்டு மனிதர். தனக்குப் பதினாறு வயது இருக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து ஒருநாள் நள்ளிரவில் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கித் திருடியதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். பசி இல்லை. அந்தக் காய்களைவிட நல்ல காய் அவர் வீட்டிலேயே இருந்தது. கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். இந்தச் சின்ன விஷயத்தை அவர் பக்கம் பக்கமாகக் குடைகிறார். ஏன் செய்தேன்? தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்பது அவர் வந்து சேர்கிற இடம். "வா, செய்வோம்" என்று கூட்டாளி சொல்லும்போது, வெட்கங்கெட்டவனாக இல்லாமல் இருப்பதே வெட்கமாகத் தோன்றிவிடுகிறது என்கிறார்.

இதை ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு ஆண்டு கழித்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 2005-ல் வெளியிட்டது. கணினியில் கார் ஓட்டுகிற விளையாட்டு. தனியாக விளையாடும்போது எடுக்கிற ஆபத்தைவிட, சக வயதுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது 13 முதல் 16 வயதுக்காரர்கள் எடுத்த ஆபத்து நன்றாகவே கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே "கூட்டத்தோடு சேராதே, தனியாக நில்" என்று பிள்ளைகளிடம் சொல்வது அரைகுறைப் பாடம் என்று நினைக்கிறேன். அந்த வயதில் தனியாக நிற்பது எவ்வளவு கடினம் என்பது நமக்கு மறந்துபோய்விட்டது. அந்தக் குரூப்பில் "போதும்டா" என்று ஒருவன் சொன்னபோது, "ஆமா, எடுத்துருங்க" என்று இன்னொருவன் சொல்லியிருந்தால் கதையே வேறு. முதல் ஆளாக இருக்க எல்லாப் பிள்ளைக்கும் தெம்பு இருக்காது. இரண்டாவது ஆளாக இருக்க அநேகமாக எல்லாராலும் முடியும். அதை வகுப்பிலேயே பேசி வையுங்கள். இரண்டு இரண்டு பேராக ஒரு ஒப்பந்தம்: நீ வாயைத் திறந்தால் நான் உன் பின்னாலேயே பேசுவேன். பழைய ஆசிரியர் சொன்ன பர்னபாவையும் இப்படிப் பார்க்கலாம், எருசலேமில் சவுலுக்கு அவர்தானே இரண்டாவது ஆள்.

---

இரு_பிள்ளைகளின்_அம்மா

நான் வகுப்பு எடுப்பவள் இல்லை. எனக்கு 16 வயதில் ஒரு மகள், 13 வயதில் ஒரு மகன். எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் ஒரு பக்கம் யாரும் தொடவில்லை.

"நல்ல பெண்" என்று நாம் வளர்க்கிற பிள்ளை, தன்னிடம் ஒருவர் தப்பாக நடந்துகொள்ளும்போது வாயைத் திறப்பாளா? பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, மன்னித்துவிடு, மறு கன்னத்தைக் காட்டு, யாரைப் பற்றியும் புறம் பேசாதே. இது எல்லாம் நாம் நற்குணம் என்ற பெயரில் சொல்லிக்கொடுப்பவை. தப்பு செய்ய நினைக்கிற ஒரு ஆளுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? அந்த ஆள் சபைக்குள்ளேயே இருக்கலாம், எல்லாரும் மதிக்கிறவராகவும் இருக்கலாம்.

நான் என் பிள்ளைகளிடம் வீட்டில் சொல்லிவைத்திருப்பது இது. யாராவது "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொன்னால், முதல் வேலையாக வந்து என்னிடம் சொல். என்னிடம் சொல்ல முடியாத விஷயமாக இருந்தால் யாரிடம் சொல்வாய் என்று இப்போதே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து வை. மகள் அவளுடைய சித்தியைச் சொன்னாள். சித்தியிடமும் பேசிவிட்டேன். சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. கெட்டதை வெளியே கொண்டுவருவதும் நற்குணம்தான்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தேயு 18:15-17-ல் இயேசு என்ன வழி சொல்கிறார்? குற்றத்தைப் போய்ச் சொல், கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபைக்கே சொல். மூடி மறை என்று எங்கேயும் இல்லை. ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தால் முதல் படியைப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையைத் தப்பு செய்தவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி "மன்னித்துவிட்டேன்" என்று சொல்லவைப்பதைக் கேள்விப்படும்போதெல்லாம் வயிறு எரிகிறது. "சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போலக் கபடற்றவர்களுமாய்" என்றுதான் சீஷர்களை அனுப்பினார். நாம் புறாவை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறோம்.

---

மறைக்கல்வி_அக்கா

அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு சேர்க்கை: பதின்வயதுப் பிள்ளை தனியாக ஏதாவது சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் சொல்வேன், அதுவும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மதிக்கிறார்கள்.

---

வேதமாணவன்

நற்குணம் பற்றிய 61 வசனங்கள்: சங்கீதம் 23:6, 25:8, 31:19, 34:8, 34:14, 37:3, 52:1...

[மீதி நீக்கப்பட்டது. நண்பரே, வசனப் பட்டியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போடுங்கள். — மட்டுறுத்துநர்]

---

பழைய_ஆசிரியர்

நடுவில் இரண்டு நாள் வரமுடியவில்லை. இழை எங்கேயோ போயிருக்கிறது, நல்லதுதான்.

பதினேழு தம்பி, உங்கள் குறை நியாயமானது. அதையொட்டி ஒரு ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். டீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் 1931-ன் கடைசியில், இருபத்தைந்து வயதில், பெர்லினில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் சீயோன் ஆலயத்துத் திடப்படுத்தல் வகுப்பை (பதின்வயதுப் பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஆயத்தப்படுத்துவது) ஏற்றுக்கொண்டார். சுமார் ஐம்பது பையன்கள். முந்தைய போதகரால் சமாளிக்கவே முடியவில்லை. போன்ஹோஃபர் முதல் நாள் மாடிப்படி ஏறும்போதே மேலேயிருந்து குப்பை விழுந்தது. உள்ளே போனதும் அவர் பெயரின் முதல் அசையைச் சொல்லி ஒரே கூச்சல். அவர் கத்தவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு மெல்லப் பேச ஆரம்பித்தார். நியூயார்க்கில் படித்தபோது ஹார்லெம் பகுதிக் கருப்பினச் சபையில் தான் பார்த்ததைத்தான் சொன்னார். மற்றவர்கள் காது கொடுக்க அடங்கினார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள், ஏதோ வகுப்பறை வித்தை மாதிரி. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. அந்தப் பையன்கள் வாழ்ந்த பகுதியிலேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடிவந்துவிட்டார். பையன்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வசதியான பேராசிரியர் குடும்பத்துப் பிள்ளை, அந்தத் தெருவில். நற்குணத்தைப் பற்றி அவர் என்ன பாடம் நடத்தினார் என்பதைவிட இந்த அறைதான் அவர்களுக்கு அதிகம் சொல்லியிருக்கும்.

வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் நம்மைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு நாம் நல்லவர்களா என்று எப்படித் தெரியும்? எல்லாரும் வீடு மாற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிற வாரம், ஒருவன் வராமல் போன வாரம், அப்போது நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

---

கேள்விக்குறி

இதில் எனக்கு மறுப்பே இல்லை. அதோடு ஒரு புகார்.

பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் இருவரும் 1973-ல் வெளியிட்ட பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். இறையியல் மாணவர்கள் நாற்பது பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன். வழியில் ஒருவர் தலை குனிந்து, இருமியபடி வாசலில் சரிந்து கிடக்கிறார், அவர் ஆய்வுக்குழுவின் ஆள். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவ முன்வந்தார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவர்கள்கூட அவரைத் தாண்டிப் போனார்கள்.

இனி நம் பிள்ளைகளின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். ஆராதனை, வகுப்பு, பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூடுகை, மத்தியானம் டியூஷன். திங்கட்கிழமையிலிருந்து பள்ளி. நற்குணத்துக்கு நாம் ஒதுக்கியிருப்பது அதைப் பற்றிய பாடத்துக்கான நேரம் மட்டும்தான். ஒரு பிள்ளை நின்று இன்னொருவனை "என்னாச்சு உனக்கு?" என்று கேட்க அரை மணி நேரம் சும்மா இருக்கவேண்டுமே. திராட்சைக்கொடி, உங்களால் வேறு எதுவும் முடியாவிட்டாலும் வகுப்பைப் பதினைந்து நிமிடம் முன்னால் முடித்துவிட்டு அவர்களைப் பேசவிடுங்கள்.

---

திராட்சைக்கொடி

வகுப்பு முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

பர்னபா–பவுல் வாதத்தைத்தான் எடுத்தேன். பவுல் பக்கம் கூட்டம் அதிகம், நான் எதிர்பார்க்கவே இல்லை. "குரூப் பிராஜெக்ட்ல பாதியில விட்டுட்டுப் போறவனை மறுபடி சேர்ப்பீங்களா அக்கா?" என்று ஒருவன். அடுத்தவள் கொலோசெயர் 4:10-ஐக் கண்டுபிடித்துவிட்டாள், மாற்கு பர்னபாவுக்கு இனத்தான் என்று. "பாத்தீங்களா, சொந்தக்காரன்! இதுல என்ன நற்குணம்?" பர்னபா பக்கத்தில் இருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். சொந்தக்காரனுக்குச் செய்தால் அது நன்மையில் சேருமா என்று கொஞ்ச நேரம் பெரிய சண்டை.

எப்போதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாயே திறக்காத ஒரு பையன் இருக்கிறான். அவன் கேட்டான்: "மாற்கு திரும்பி வந்து சாரி கேட்டானா?" எல்லாரும் வேதத்தைப் புரட்டினோம். அப்படி எழுதியிருக்கவில்லை. "அப்ப கேக்காதவனைத்தான் பர்னபா கூட்டிட்டுப் போயிருக்காரு," என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

2 தீமோத்தேயு 4:11-ஐ அப்போதுதான் வாசித்தோம். சிறையிலிருந்து பவுல், "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதுகிறார். பவுல் கட்சிக்காரர்கள் விடவில்லை. பவுல் அன்றைக்குக் கண்டிப்பாக இருந்ததால்தான் மாற்கு திருந்தினான் என்று வாதம். இருக்கலாம், யார் கண்டது. கலாத்தியர் 2:13-ஐயும் காட்டினேன், புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிடாமல் ஒதுங்கினவர்களோடு பர்னபாவும் இழுபட்டுப்போன இடம். "நல்லவன்" என்று வேதமே சொன்ன ஆள் கூட்டத்துக்குப் பயந்து எழுந்துபோயிருக்கிறார் என்றதும் வகுப்பில் ஒரு தளர்வு வந்தது. தூக்கத்தைப் பற்றிக் கேட்ட பெண், "அப்ப நமக்கும் சான்ஸ் இருக்கு," என்றாள்.

ஸ்டிக்கர் சம்பவத்தையும் சொன்னேன். "ஆகவே பிள்ளைகளே" சொல்லவில்லை, தம்பி. இரண்டாவது ஆள் ஒப்பந்தத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வகுப்பு முடிந்து வெளியே நின்றபோது சிலர் தாங்களாகவே ஜோடி பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று மட்டும் கொடுத்தனுப்பினேன். இந்த வாரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கு ஒரு நன்மை, அவ்வளவுதான். இப்போது என் சந்தேகம், அடுத்த வாரம் அதைப் பற்றிக் கேட்கலாமா?

---

கேள்விக்குறி

கேட்கவே கூடாது. கேட்டால் மறுபடியும் நட்சத்திர அட்டைதான்.

---

பதினேழு

கேக்கலன்னா பாதிப் பேர் செய்ய மாட்டாங்க. அனுபவத்துல சொல்றேன்.

---

மறைக்கல்வி_அக்கா

மீதிப் பாதி செய்வார்களே தம்பி, அது போதாதா? திராட்சைக்கொடி, கேட்க வேண்டாம். வேண்டுமானால் கடைசி ஐந்து நிமிடம் அந்த இரண்டு கேள்வியை வைத்துச் சும்மா உட்காரவிடுங்கள்.

---

திராட்சைக்கொடி

சரி, கேட்கவில்லை. அடுத்த கனி விசுவாசம். வெள்ளிக்கிழமைக்குள் தனி இழை தொடங்குகிறேன். பழைய ஆசிரியர் ஐயா, அதற்கும் ஒரு ஆளை யோசித்து வையுங்கள். ஆபிரகாமைத் தவிர. அவரைச் சின்ன வகுப்பிலேயே இவர்கள் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டார்கள்.